33 வயதில் முதல் மேடை, 71 வயதில் ஆஸ்கர்: உலகைச் சிரிக்க வைத்த மார்கரெட் ரூதர்ஃபோர்டின் சொல்லப்படாத கதை

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்பிளைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது. தொங்கும் கன்னங்கள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தாடை, தோளில் ஒரு பெரிய மேலங்கி, கொலைகாரனே எதிரில் வந்து நின்றாலும் அசராத நடை. 1960-களில் அந்த வேடத்தில் கலக்கியவர் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்ட்.

திரையில் கொலை வழக்குகளைச் சிரிக்கச் சிரிக்கத் துப்புத் துலக்கிய இவருடைய சொந்தக் குடும்பத்திலேயே ஒரு கொலை நடந்திருக்கிறது. கொல்லப்பட்டவர் தாத்தா. கொன்றவர் அப்பா. அதோடு போகவில்லை. இவர் தன் அம்மாவை இழந்த ஊர், அன்றைய மெட்ராஸ்!

இதையெல்லாம் கடைசி வரைக்கும் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார். அது எப்படி நடந்தது? பார்க்கலாம்.

யார் இந்த மார்கரெட் ரூதர்ஃபோர்ட்?

1892-ம் ஆண்டு மே 11-ம் தேதி லண்டனின் பாலம் பகுதியில் பிறந்தவர். அப்பா பெயர் வில்லியம், அம்மா ஃப்ளோரன்ஸ். வீட்டுக்கு ஒரே குழந்தை.

நாடக மேடை, சினிமா இரண்டிலும் சுமார் 40 ஆண்டுகள் நடித்தார். கதாநாயகியாக அல்ல, குணச்சித்திர நகைச்சுவை வேடங்களில். தலைமை ஆசிரியை, ஆவிகளோடு பேசுகிற பெண், ஞாபக மறதிக்கார சீமாட்டி, வரலாற்றுப் பேராசிரியை என இவர் ஏற்றதெல்லாம் கொஞ்சம் விசித்திரமான பெண்கள்தான். 1964-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது. 1967-ல் டேம் பட்டம். ஆண்களுக்குத் தரப்படும் சர் பட்டத்துக்கு இணையானது இது.

வெளியில் இருந்து பார்த்தால் வெற்றிக்கதை. ஆனால் கதை தொடங்கும் இடம் வேறு.

பிறப்பதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பு என்ன நடந்தது?

அப்பாவின் முழுப்பெயர் வில்லியம் ரூதர்ஃபோர்ட் பென். 1882 டிசம்பரில் ஃப்ளோரன்ஸ் நிக்கல்சனைத் திருமணம் செய்தார். திருமணமான சில வாரங்களிலேயே அவருக்கு மனநலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மனநலக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அவருடைய தந்தை ஜூலியஸ் பென் ஒரு கிறிஸ்தவ போதகர். மகனுக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என நம்பி, டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் என்ற மலையடிவார ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே தங்கியிருந்த இடத்தில், 1883 மார்ச் 4-ம் தேதி, மகன் தன் தந்தையையே அடித்துக் கொன்றுவிட்டார். அதோடு தன்னையும் காயப்படுத்திக்கொண்டார்.

மனநோயின் பிடியில் செய்த செயல் என்று முடிவானதால், வில்லியம் சிறைக்குப் போகவில்லை. பிராட்மூருக்கு அனுப்பப்பட்டார். குற்றம் செய்த மனநோயாளிகளுக்காகவே 1863-ல் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். ஃப்ளோரன்ஸ் அவ்வளவு காலமும் காத்திருந்தார். 1890 ஜூலையில் வில்லியம் விடுவிக்கப்பட்டதும் இருவரும் மீண்டும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

ஒரே ஒரு மாற்றம். பென் என்ற குடும்பப் பெயரைக் கைவிட்டு, நடுப்பெயரான ரூதர்ஃபோர்டையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

பென் குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வில்லியமின் சகோதரர் ஜான் பென், லண்டன் அரசியலில் பெரிய புள்ளி. ஜானின் மகன் வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சராக இருந்தவர். காந்தி தண்டிக்கு நடந்து போய் உப்பு எடுத்தபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் மார்கரெட்டின் பெரியப்பா மகன்தான்! பிற்காலத்தில் தொழிலாளர் கட்சியின் புகழ்பெற்ற தலைவராக இருந்த டோனி பென், அந்த அமைச்சரின் மகன்.

மெட்ராஸுக்கு வந்த குடும்பம்

குழந்தை பிறந்தாச்சு. பெயரும் மாத்தியாச்சு. ஆனால் லண்டனில் இருந்தால் பழைய கதை துரத்தும். தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்துக்குப் போனால் புது வாழ்க்கை அமையும் என்று ரூதர்ஃபோர்ட் தம்பதி நினைத்தார்கள். கைக்குழந்தையோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். குடியேறிய ஊர், மெட்ராஸ் மாகாணத்தின் தலைநகரான மெட்ராஸ்.

ஆனால் நினைத்தது நடக்கவில்லை. மார்கரெட்டுக்கு மூன்று வயதானபோது, மீண்டும் கர்ப்பமாக இருந்த ஃப்ளோரன்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

தாயில்லாத அந்த மூன்று வயதுக் குழந்தை, இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. லண்டனின் விம்பிள்டனில் இருந்த பெரியம்மா முறை உறவினர் பெஸ்ஸி நிக்கல்சன், குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மார்கரெட்டுக்கு அம்மா என்றால் அவர்தான்.

அப்பா இறந்துவிட்டார் என்ற பொய்

அம்மா போயாச்சு. அப்பா எங்கே? குழந்தை கேட்காமல் இருக்குமா? மனைவி இறந்த துக்கத்தில் அப்பாவும் இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்த்தார்கள்.

அப்படிச் சொன்னதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மனநோய் என்பது மருத்துவப் பிரச்னை என்பதைவிட, குடும்ப அவமானமாகவே பார்க்கப்பட்டது. குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பெரியவர்கள் மறைத்தார்கள்.

ஆனால் உண்மை வெளியே வந்துவிட்டது. இந்தியாவில் இருந்து திரும்பிய வில்லியமின் உடல்நிலை மறுபடியும் மோசமாகி, 1903-ல் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறகு பிராட்மூரிலேயே அடைக்கப்பட்டார். மார்கரெட்டுக்கு 12 வயது இருக்கும்போது இந்த விஷயம் தெரிய வந்தது. இறந்துபோனதாக நினைத்திருந்த அப்பா உயிரோடு இருக்கிறார், அதுவும் பிராட்மூரில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தச் சிறுமி நொறுங்கிப் போனாள்.

அப்பா 1921-ல் இறந்தார். ஆனால் அன்று பிடித்த ஒரு பயம் மார்கரெட்டை விடவே இல்லை. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடுமோ? அம்மாவைப் போலத் தானும் ஆகிவிடுவோமோ? வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வி அவர் கூடவே வந்தது.

பியானோ டீச்சர் நடிகையானது எப்படி?

விம்பிள்டன் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு ஒரு விடுதிப் பள்ளியிலும் படித்தார் மார்கரெட். சின்ன வயதிலிருந்தே நாடக ஆசை. பெஸ்ஸியும் தடுக்கவில்லை, நடிப்பு கற்றுக்கொள்ளத் தனியாகப் பணம் செலவழித்தார்.

ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி? பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கும் டீச்சரானார். மாணவர் வீடு வீடாக சைக்கிளில் போய் வகுப்பு எடுத்தார். இருபது வயதுகள் முழுக்க இப்படியே ஓடிப்போச்சு.

திருப்பம் வந்தது பெஸ்ஸியின் மரணத்துக்குப் பிறகு. அவர் விட்டுச்சென்ற கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு, லண்டனின் புகழ்பெற்ற ஓல்ட் விக் நாடக அரங்கின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார் மார்கரெட். 1925-ல் முதல்முறையாக மேடை ஏறினார். அப்போது வயது 33.

நடிகைகள் 18, 20 வயதில் அறிமுகமாகிற காலம் அது. 33 வயதில் ஒரு பெண் புதுமுகமாக வந்து நிற்பதெல்லாம் கேள்விப்படாத விஷயம்.

கதாநாயகி முகம் இல்லையா? அதுதான் பலம்!

வயது மட்டும் பிரச்னை இல்லை. பருத்த உடம்பு, தொங்கும் தாடை. காதல் நாயகி வேடம் இவருக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை. சின்னச் சின்ன நாடகக் குழுக்களில், சின்னச் சின்ன வேடங்களில்தான் அடுத்த சில ஆண்டுகள் போயின. லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் பகுதிக்கு வரவே 1933 ஆகிவிட்டது. முதல் படம் 1936-ல். அப்போது வயது 44.

1939-ல் ஜான் கீல்குட் இயக்கிய, ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் மிஸ் பிரிஸம் என்ற ஆசிரியையாக நடித்தார். எப்போதும் கண்டிப்பு பேசுகிற, ஆனால் பல வருடங்களுக்கு முன்பு ஒரு கைக்குழந்தையை மறதியாகக் கைப்பையில் போட்டு ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்த பெண். அந்த வேடத்துக்குப் பிறகு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவருடைய காமெடியில் அப்படி என்ன ஸ்பெஷல்? ஒரே விஷயம்தான். இவர் சிரிக்க வைக்க முயற்சியே செய்ய மாட்டார். தான் ஏற்ற பெண் சொல்வதை முழுக்க நம்பி, படு சீரியஸாக நடிப்பார். அந்தப் பெண் எவ்வளவு கிறுக்குத்தனமாக எதையாவது செய்தாலும், அவளைக் கேலி செய்கிற தொனி நடிப்பில் துளியும் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும், இன்னொரு பக்கம் அந்தப் பெண் மீது பாசமும் வரும்.

சீரியஸ் வேடமும் இவருக்கு வரும். 1940-ல் 'ரெபெக்கா' நாடகத்தில், பார்த்தாலே பயம் வருகிற வீட்டு நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸாக நடித்தார். நாடகம் ஓடிக்கொண்டிருந்த குயின்ஸ் அரங்கின் மீது, அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானிய குண்டு விழுந்தது. அரங்கு மூடப்பட்டது, நாடகமும் நின்றுபோனது.

குண்டு மழைக்கு நடுவே ஒரு ஆவி நாடகம்

இங்கேதான் மார்கரெட்டின் வாழ்க்கை சூடு பிடிக்குது. 1941 ஜூலை 2. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில். லண்டன் தெருக்களில் இடிந்த கட்டடங்கள். அந்த நேரத்தில் பிக்கடில்லி அரங்கில் அரங்கேறியது நோயல் கவர்டின் 'பிளைத் ஸ்பிரிட்'.

கதை இதுதான். ஒரு எழுத்தாளர், தன் நாவலுக்குத் தகவல் திரட்டுவதற்காக, ஆவிகளோடு பேசும் பெண்ணை வீட்டு விருந்துக்கு அழைக்கிறார். அவரோ தெரியாத்தனமாக, எழுத்தாளரின் இறந்துபோன முதல் மனைவியின் ஆவியை வரவழைத்துவிடுகிறார். ஆவி கணவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது மனைவிக்குத் தெரியாது. அப்புறம் அந்த வீட்டில் நிம்மதி இருக்குமா?

ஆவிகளோடு பேசும் அந்த மேடம் அர்காட்டி வேடத்தில் மார்கரெட். ஆவி, மாயம் என்றதும் வரும் மர்மமான உருவத்தை அப்படியே தலைகீழாக்கினார். சைக்கிள் மிதித்து வருகிற, பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் போலச் சுறுசுறுப்பான, நன்றாகச் சாப்பிடுகிற ஒரு பெண். தன் வேலையை அவ்வளவு நேர்மையாகச் செய்கிறவர். உண்மையிலேயே ஆவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் குழந்தை மாதிரி குதூகலிக்கிறவர்.

சாவு தினசரி செய்தியாக இருந்த ஊரில், சாவை வைத்தே ஒரு காமெடி. எடுபடுமா என்ற கேள்வி இருந்தது. செம ஹிட்! மொத்தம் 1,997 காட்சிகள் ஓடியது. இசை நாடகம் அல்லாத நாடகங்களில் வெஸ்ட் எண்டின் சாதனையாக இருந்த இந்த எண்ணிக்கையை, 1957-ல்தான் இன்னொரு நாடகம் தாண்டியது. அது அகதா கிறிஸ்டி எழுதிய 'தி மவுஸ்ட்ராப்'.

1945-ல் டேவிட் லீன் இதைப் படமாக எடுத்தபோதும் மேடம் அர்காட்டி மார்கரெட்தான். பின்னாளில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்த அதே டேவிட் லீன். மார்கரெட்டின் முகத்தை பிரிட்டனைத் தாண்டியும் கொண்டுபோன படம் இது. அப்போது அவருக்கு 53 வயது.

15 ஆண்டுகள் காத்திருந்த கல்யாணம்

அதே 1945-ல் இன்னொரு முக்கியமான விஷயமும் நடந்தது. மார்ச் 26-ம் தேதி நடிகர் ஸ்ட்ரிங்கர் டேவிஸை மார்கரெட் திருமணம் செய்துகொண்டார். மணமகளுக்கு வயது 52. மணமகன் ஏழு வயது இளையவர்.

இருவரும் முதலில் சந்தித்தது 1930-ல், ஆக்ஸ்ஃபோர்டில் நாடகம் நடித்தபோது. அப்புறம் ஏன் 15 வருஷம்? டேவிஸின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அம்மா இருக்கும்வரை அவர் பேச்சை மீறுவதில்லை என்று மகன் இருந்துவிட்டார். அம்மா இறந்த பிறகுதான் கல்யாணம்.

அதன் பிறகு இருவரும் பிரிந்து இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. மனைவிக்குக் கடிதம் எழுதுவது, கணக்கு வழக்கு பார்ப்பது, தைரியம் சொல்வது எல்லாமே டேவிஸ்தான். மார்கரெட் நடித்த பல படங்களில் ஏதாவது ஒரு சின்ன வேடத்தில் அவரும் தலைகாட்டுவார்.

போர் முடிந்த பிரிட்டனை சிரிக்க வைத்த படங்கள்

போர் முடிந்தாலும் ரேஷன் முடியவில்லை. பிரிட்டன் மக்கள் சோர்ந்து போயிருந்த காலம். அப்போது வந்த காமெடிப் படங்களில் மார்கரெட் இல்லாத படத்தைத் தேட வேண்டும் என்ற அளவுக்கு பிஸி.

1948-ல் 'மிராண்டா'. ஒரு கடல்கன்னியை ஊருக்குள் நோயாளி என்று சொல்லி மறைத்து வைக்கிறார்கள். அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக மார்கரெட்.

1949-ல் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. லண்டனின் பிம்லிகோ பகுதியில் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடிக்க, உள்ளிருந்து ஒரு பழங்கால சாசனம் கிடைக்கிறது. அதன்படி அந்தப் பகுதி இங்கிலாந்துக்கே சொந்தமில்லை, வேறு நாடு! அப்போ ரேஷன் சட்டம் அங்கே செல்லாதே? மக்கள் கொண்டாடுகிறார்கள். அந்தச் சாசனம் உண்மைதான் என்று பரவசத்தோடு அடித்துச் சொல்லும் பேராசிரியை இவர்.

1950-ல் 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்'. அரசு அலுவலகத்தில் நடந்த ஒரு குளறுபடியால், ஆண்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பெண்கள் பள்ளியையே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு பள்ளிகளின் பெற்றோரும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன ஆகும்? தலைமை ஆசிரியர் அலஸ்டர் சிம்மும் தலைமை ஆசிரியை மார்கரெட்டும் போட்டிபோட்டு நடித்த படம் இது.

1952-ல், பேர் வாங்கிக் கொடுத்த மிஸ் பிரிஸம் வேடத்தை சினிமாவிலும் செய்தார்.

கொலைக் கதை பிடிக்காதவர் மிஸ் மார்பிள் ஆனது எப்படி?

1961-ல் எம்.ஜி.எம். நிறுவனம், அகதா கிறிஸ்டியின் '4.50 ஃப்ரம் பேடிங்டன்' நாவலை 'மர்டர் ஷி செட்' என்ற பெயரில் படமாக்கியது. மிஸ் மார்பிளாக நடிக்க மார்கரெட்டை அழைத்தார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டாரா? இல்லை. கொலை, குற்றம் சார்ந்த கதைகள் என்றாலே அவருக்கு ஒவ்வாது. தயங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏன் தயங்கினார் என்பது அன்று படக்குழுவில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இயக்குநர் ஜார்ஜ் போலக் பேசி சம்மதிக்க வைத்தார்.

இரண்டு விஷயங்களில் மார்கரெட் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, தன் சொந்த உடைகளைத்தான் போட்டு நடிப்பேன் என்றார். இரண்டு, கணவருக்கும் வேடம் வேண்டும் என்றார். அப்படி உருவானதுதான் மிஸ் மார்பிளுக்கு உதவும் நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் பாத்திரம். கிறிஸ்டியின் எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒருவர் கிடையாது.

புத்தகத்தில் வரும் மிஸ் மார்பிள், ஒல்லியான, அமைதியான கிழவி. மூலையில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கவனிப்பவர். மார்கரெட்டின் மார்பிளோ நேர் எதிர்! வேலைக்காரியாக வேடம் போட்டுப் போவார், குதிரை ஓட்டுவார், ட்விஸ்ட் நடனம் ஆடுவார், வில்லனோடு வாள் சண்டையே போடுவார்.

'மர்டர் அட் தி கேலப்', 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', 'மர்டர் அஹாய்' என அடுத்தடுத்து மூன்று படங்கள் வந்தன. நடுவில் உள்ள இரண்டும் உண்மையில் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோவுக்காக கிறிஸ்டி எழுதிய கதைகள். கடைசிப் படத்துக்கு கிறிஸ்டியின் கதையே இல்லை. தன் கதைகளை இப்படி மாற்றியதில் கிறிஸ்டிக்குக் கடும் அதிருப்தி. ஆனால் மார்கரெட் மீது அவருக்குக் கோபம் இல்லை. 1962-ல் வெளியான தன் மிஸ் மார்பிள் நாவல் ஒன்றை மார்கரெட்டுக்கே சமர்ப்பணம் செய்தார்.

இன்னொரு சுவாரஸ்யம். 'மர்டர் ஷி செட்' படத்தில் சின்ன வேடத்தில் வந்த ஜோன் ஹிக்ஸன்தான், 1980-களில் பி.பி.சி. தொடரில் மிஸ் மார்பிளாக நடித்துப் புகழ்பெற்றவர்.

71 வயதில் ஆஸ்கர்

1963-ல் வெளியானது 'தி வி.ஐ.பி.ஸ்'. எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன் என அன்றைய உலகின் மிகப்பெரிய நட்சத்திர ஜோடி. பனிமூட்டத்தால் லண்டன் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் பயணிகளின் கதை.

அதில் மார்கரெட், கையில் காசில்லாத ஒரு சீமாட்டி. பரம்பரை வீட்டைக் காப்பாற்றுவதற்காக, இந்த வயதில் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகப் புறப்பட்டவர். விமானப் பயணம் என்றாலே பதற்றம், கையில் எடுத்ததை எங்கே வைத்தோம் என்பது நினைவிருக்காது. சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். ஆனால் வீட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் அந்த முகத்தில் வந்து போகும்போது மனசு கனத்துவிடும்.

1964 ஏப்ரலில் நடந்த ஆஸ்கர் விழாவில், சிறந்த துணை நடிகை விருது மார்கரெட்டுக்கு அறிவிக்கப்பட்டது. போட்டியில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே படத்தில், 'டாம் ஜோன்ஸ்' படத்தில் நடித்தவர்கள். அதில் ஒருவர், மார்கரெட்டின் நெடுநாள் சக நடிகை ஈடித் எவன்ஸ். மார்கரெட் விழாவுக்குப் போகவில்லை. அவர் சார்பில் பீட்டர் உஸ்தினோவ் விருதை வாங்கிக்கொண்டார். அதே வேடத்துக்கு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன?

இவ்வளவு புகழுக்கும் நடுவில், ரசிகர்களுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. மார்கரெட்டுக்கு அடிக்கடி கடுமையான மனச்சோர்வு வரும். சில சமயம் மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டியிருக்கும். மின்னதிர்வு சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. அவர் இருக்கும்வரை இதெல்லாம் பத்திரிகைகளுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் கூடவே இருந்து கவனித்துக்கொண்டவர் டேவிஸ். சரியான பிறகு, மார்கரெட் மறுபடியும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்குக் கிளம்பிவிடுவார்.

சின்ன வயதில் பிடித்த பயம் இங்கே முக்கியம். குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் வந்தே தீரும் என்பது கிடையாது. வந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். மார்கரெட்டுக்கு வந்த மனச்சோர்வு, அப்பாவுக்கு வந்ததைப் போல அவரை யாருக்கும் ஆபத்தானவராக மாற்றவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. ஆனால் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசி மனசை ஆற்றிக்கொள்ள அந்தக் காலத்தில் வழி இருக்கவில்லை. பயத்தையும் சேர்த்தே சுமந்தார்.

தன்னைப் போல ஒதுங்கி நிற்பவர்கள் மீது மார்கரெட்டுக்குத் தனி அன்பு. குழந்தைகள் இல்லாத தம்பதி, ஒரு இளம் எழுத்தாளரைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் 1968-ல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்து டான் லாங்லி என்ற பெண்ணாக வாழத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பின இளைஞரை மணந்தார். ஊரே கொந்தளித்தது. ஆனால் 76 வயது மார்கரெட், இரண்டு முடிவுகளையும் வெளிப்படையாகவே ஆதரித்தார். பின்னாளில் மார்கரெட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் இந்த டானும் ஒருவர்.

மறதி பறித்த கடைசி ஆண்டுகள்

ஆஸ்கருக்குப் பிறகு பெரிய இயக்குநர்கள் தேடி வந்தார்கள். ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்', ஷேக்ஸ்பியர் நாடகங்களை வைத்து எடுக்கப்பட்ட படம். விடுதி நடத்தும் பெண்ணாக, ஃபால்ஸ்டாஃப் இறந்துபோன விதத்தை மார்கரெட் சொல்லும் காட்சி, காமெடி நடிகை என்ற முத்திரையை அப்படியே மறக்க வைக்கும். சார்லி சாப்ளின் கடைசியாக இயக்கிய 'எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்' படத்திலும் ஒரு சின்ன வேடம் செய்தார்.

1966-ல் ஹேமார்க்கெட் அரங்கில் 'தி ரைவல்ஸ்' நாடகம். அதில் வார்த்தைகளைத் தப்புத் தப்பாகப் போட்டுப் பேசும் மிஸஸ் மாலப்ராப் வேடம் அவருக்கு. ஆங்கில நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற காமெடி வேடங்களில் ஒன்று. ஆனால் உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. சில வாரங்களிலேயே விலக வேண்டியதாயிற்று. அதுதான் அவருடைய கடைசி மேடை. பிறகு அல்சைமர் நோய் அவருடைய நினைவுகளை ஒவ்வொன்றாக அழித்தது. அப்போதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் டேவிஸ்தான்.

1972 மே 22-ம் தேதி, 80-வது வயதில் மார்கரெட் காலமானார். அடுத்த ஆண்டே டேவிஸும் மறைந்தார்.

ஜூலையில் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில், நடிகர்களின் தேவாலயம் என்று அழைக்கப்படும் புனித பால் ஆலயத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. ஜான் கீல்குட், ரால்ஃப் ரிச்சர்ட்சன் என பிரிட்டிஷ் மேடையின் ஜாம்பவான்கள் வந்திருந்தார்கள். 89 வயது நடிகை சிபில் தார்ண்டைக், மார்கரெட் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை பேசியதே கிடையாது என்று நினைவுகூர்ந்தார்.

ஏன் இன்னும் பேசப்படுகிறார்?

மிஸ் மார்பிளாகப் பல நடிகைகள் வந்து போய்விட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைப் போலவே நடித்தவர் யார் என்று கேட்டால், பலரும் ஜோன் ஹிக்ஸனைத்தான் சொல்வார்கள். ஆனால் மார்கரெட்டின் மார்பிளுக்கு இன்றைக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. மேடம் அர்காட்டியாக யார் நடித்தாலும், முதலில் ஒப்பிடப்படுவது இவரோடுதான்.

அவருடைய குடும்பத்தில் நடந்தவை முழுமையாக வெளியே வந்தது அவர் இறந்த பிறகே. அதைத் தெரிந்துகொண்டு அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஊர் பார்வையில் விசித்திரமாகத் தெரிந்த பெண்களைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க நடித்தார். அதில் ஒருத்தியைக்கூட அவர் கிறுக்கச்சியாகக் காட்டவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு கௌரவம் கொடுத்தார். விசித்திரம் என்று ஊர் ஒதுக்குகிறவர்களின் வலி என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பக்கிங்ஹாம்ஷயரின் ஜெரார்ட்ஸ் கிராஸில் உள்ள தேவாலய மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. நினைவுக்கல்லின் அடியில், குண்டு மழைக்கு நடுவே லண்டனைச் சிரிக்க வைத்த அந்த நாடகத்தின் பெயரைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

(மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்கு சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 ஆகிய உதவி எண்களை அழைத்துப் பேசலாம்.)